கோளாறு ஓட்டுநருக்குத் தெரியும்

பேனா வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, திருப்பித் தரக்கூட வேண்டாம். ஆனால் ஃபாரத்தை நான் நிரப்பித் தர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், புரிகிறது. அதோ, ஜன்னல் ஓரத்தில் நீலச் சட்டைக்காரர் நிற்கிறாரே, அவர் எழுதித் தருவார். நான் யாருக்கும் எழுதித் தருவதில்லை. ஒரு வாரமாகத்தான்.

திமிர் இல்லை ஐயா. உங்கள் முகம் அப்படித்தான் சொல்கிறது. படித்த பையன், நாலு வரி எழுதித் தர இத்தனை யோசிக்கிறானே என்று. உட்காருங்கள், சொல்கிறேன். உள்ளே அதிகாரி இன்னும் வரவில்லை. நான் என் அண்ணனுடைய லைசென்ஸ் விஷயமாக வந்திருக்கிறேன். இருக்குமா போகுமா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேதியியல். வீட்டில் என்ன, தெருவிலேயே நான்தான். அதனால் எழுத்து வேலை எல்லாம் என்னிடம் வரும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, முதியோர் பென்ஷனுக்கு, கரண்ட் கம்பம் சாய்ந்துவிட்டது என்று மின்வாரியத்துக்கு. எட்டாவது படிக்கும்போதே ஆரம்பித்தது. நான் எழுதுவேன், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். ஒருவர்கூடப் படித்துப் பார்த்ததில்லை. படித்துப் பார்த்தால் என்னை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். அப்படி ஒரு மரியாதை. அண்ணனும் அப்படித்தான்.

அண்ணன் பெயர் அர்த்தநாரி. என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். எங்களுக்குச் சேந்தமங்கலம். கொல்லிமலை அடிவாரம். பத்தாவதோடு லாரியில் கிளீனராக ஏறினார், பிறகு டிரைவர், பிறகு வாடகைக் கார். பதினான்கு வருடம் ஐயா. எழுபது கொண்டை ஊசி வளைவு. வாரத்துக்கு நாலு தடவை ஏறி இறங்குவார். ஒரு கேஸ் கிடையாது, ஒரு அபராதச் சீட்டு கிடையாது. வளைவுகளுக்கு நம்பர் எழுதி வைத்திருக்கிறார்களே, அண்ணனுக்கு நம்பர் தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு, 'இப்ப முப்பத்தொண்ணு, இங்க ஒரு குரங்குக் கூட்டம் இருக்கும்' என்பார். இருக்கும்.

நான் ஒரு கோழித் தீவன ஆலையில் வேலை செய்கிறேன். லேபில். மக்காச்சோளம் லோடு வந்தால் ஈரம் எவ்வளவு, பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். ஈரம் அளவுக்கு மேலே இருந்தால் லோடு திரும்பிப் போய்விடும். லாரிக்காரர்கள் கெஞ்சுவார்கள். 'அரை பாயிண்டுதானே தம்பி, கண்டுக்காம விடு' என்பார்கள். நான் விட மாட்டேன். கண்டதை எழுது, காணாததை எழுதாதே. சேர்ந்த அன்றைக்கு மேனேஜர் சார் சொன்னது. அதை நான் மீறினதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் பொய் எழுதுகிறவன் இல்லை. அது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கார் என் பெயரில் இருக்கிறது. சம்பளச் சீட்டு என்னிடம்தானே இருக்கிறது, பாங்கில் என் பெயரில்தான் கடன் கொடுத்தார்கள். பேப்பரில் ஓனர் நான். ஓட்டியது, கழுவியது, சாம்பிராணி போட்டது எல்லாம் அண்ணன்.

ஆனி கடைசியில் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். "தம்பி, ஸ்டீயரிங் விட்டு விட்டுக் கனக்குது."

நீங்கள் கார் ஓட்டுவீர்களா ஐயா? டிராக்டரா? அப்படியானால் உங்களுக்குப் புரியும். இந்தக் காலத்துக் காரில் ஸ்டீயரிங்கைத் திருப்ப ஒரு மோட்டார் உதவி செய்கிறது. நாம் லேசாகத் தொட்டால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். அந்த மோட்டார் திடீரென்று கையை விட்டுவிட்டால் முழு வண்டியின் கனமும் நம் தோளுக்கு வந்துவிடும். மஞ்சளாக ஒரு விளக்கு எரியும். நிற்கிற வண்டியில் திருப்பவே முடியாது. உருண்டுகொண்டிருந்தால் கஷ்டப்பட்டுத் திருப்பலாம்.

நான் போனில் தேடிப் பார்த்தேன். 'ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் சரியாகிவிடும்' என்று நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். அதைச் சொன்னேன். அண்ணன் போய்ச் செய்து பார்த்தார். விளக்கு அணைந்துவிட்டது. எனக்குப் பெருமை. அவருக்கு என்னைவிடப் பெருமை. மெக்கானிக் பழனிமுத்துவிடம் போய், "என்ற தம்பி உட்கார்ந்த இடத்துல சரி பண்ணிட்டான்" என்று சொல்லியிருக்கிறார்.

பழனிமுத்து சிரித்தாராம். "விளக்கு அணைஞ்சா வியாதி போயிடுமாப்பா? நாரி, மோட்டாரு போகப் போகுது. சேலத்துல இருந்து சாமான் வரணும். நாலு நாள் வண்டி ஷெட்டுல நிக்கணும். அது வரைக்கும் டவுனுக்குள்ள ஓட்டிக்க. மலைக்கு ஏத்தாத."

அண்ணன் ஏற்றவில்லை. ஆடி மாதம் ஐயா, மலைக்கு வாடகை வரிசையாக வருகிற மாதம். வந்ததையெல்லாம் செல்வராசு என்பவருக்குத் தள்ளிவிட்டார். நாமக்கல் ஆஸ்பத்திரி, ராசிபுரம் கல்யாணம், இப்படிச் சமதரையிலேயே மூன்று வாரம் ஓட்டினார். சாமான் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று பழனிமுத்து சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்வார், "பவர் ஸ்டீயரிங் வந்ததுல இருந்து டிரைவருங்க கையெல்லாம் டீச்சரு கை ஆயிடுச்சு. எனக்கு இது பழைய லாரிய ஓட்டற மாதிரி." சட்டையைக் கழற்றினால் தோளில் தைலம் வாசனை அடிக்கும்.

நானும் ஒரு தடவை ஓட்டினேன். நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு முக்கில் விளக்கு எரிந்தது. ஸ்டீயரிங் என் கையில் அப்படியே கல்லாகிவிட்டது. இரண்டு கையாலும் தொங்கினேன், பாதிதான் திரும்பியது. எதிரே வாழைப்பழத் தள்ளுவண்டி. ஒரு சாண் இடைவெளியில் பிரேக் பிடித்து நிறுத்தினேன். பழக்காரர் திட்டினார், நியாயம்தான். அம்மாவிடம், 'அண்ணனிடம் சொல்லாதே' என்றேன். அந்த அனுபவம் இருந்ததால்தான் பிறகு ஸ்டேஷனில் கொடுத்த அறிக்கையில் அவ்வளவு துல்லியமாக எழுத முடிந்தது. அது ஒரு உதவி.

அறிக்கைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் மேனேஜர் சார்.

ஆடி இரண்டாவது வாரம், லேபுக்கு வந்தவர் கேட்டார், "பூபதி, மலையடிவாரம்தானே உங்க ஊரு? ஃபேமிலியோட ஒரு நாள் மேல போகணும்ப்பா. நல்ல வண்டி ஏதாச்சும் இருக்கா?"

நான் வேலையில் சேர்ந்து ஒரு வருடம் முடிகிற சமயம். நிரந்தரமாக்குகிற பட்டியல் அவர் மேஜையில் இருந்தது. அதற்காகச் சொன்னேன் என்று இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "எங்க அண்ணன் கார் இருக்குங்க சார்." அப்படிச் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது ஐயா. எங்கள் வீட்டிலும் ஒரு கார் இருக்கிறது என்று.

சனிக்கிழமை அண்ணனிடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை வேண்டாம் தம்பி. சாமான் வந்துருச்சு. திங்கக்கிழமை ஷெட்டுல விடறேன். செல்வராசுகிட்டச் சொல்றேன், அவன் வண்டி புதுசு, சாருக்கும் சவுரியமா இருக்கும்."

"உங்க கார்னு சொல்லிட்டேண்ணா."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

தட்டில் இருந்த சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கினார். பிறகு, "சரி" என்றார். அவ்வளவுதான் பேசினோம். நான் கட்டாயப்படுத்தவில்லை. கேட்டேன். கேட்பது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். என்னிடம் அவர் அந்த வார்த்தையைச் சொன்னதே கிடையாது, அது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை சார் முன்னால் உட்கார்ந்தார். அவர் மனைவி, மாமியார், பெண் குழந்தை நடுவில். நான் கடைசி சீட்டில். அங்கிருந்து அண்ணனின் பின்கழுத்து எனக்குத் தெரியும். ஏறும்போது மூன்று தடவை விளக்கு வந்தது. மூன்று தடவையும் ஓரமாக நிறுத்தி, ஆஃப் செய்து, ஆன் செய்தார்.

"என்னாச்சுங்க?" என்று சாரின் மனைவி கேட்டார்கள்.

"இஞ்சினு கொஞ்சம் மூச்சு வுடட்டுமுங்க. ஏத்தம் பாருங்க."

"இது நாம ஏறி உட்கார்ந்து போற காரா, இறங்கித் தள்ளற காரா?" என்று மாமியார் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சார் என்னைத் திரும்பிப் பார்த்தால் என்ன முகம் வைத்துக்கொள்வது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேலே கோயில் பார்த்தார்கள், அருவியில் குளித்தார்கள். அண்ணன் சாப்பிடவில்லை. பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். மூன்று மணிக்கு இறங்கினோம். சாருக்கு ஆறு மணிக்கு ஈரோட்டில் ஒரு வரவேற்பு.

நாற்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் விளக்கு வந்தது. அண்ணன் நிறுத்தினார். ஆஃப், ஆன். போகவில்லை. மறுபடி ஆஃப், ஆன். போகவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். சாரைப் பார்க்கவில்லை, என்னை.

"தம்பி, அரை மணி நேரம் ஆற விட்டாத் தேவல."

சார் வாட்சைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

நான் சொன்னேன், "மெதுவாப் போலாமேண்ணா. இறக்கந்தானே."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இறக்கத்தில் வண்டி உருண்டுகொண்டே இருக்கும், உருண்டால் திருப்பலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதைத்தான் அவருக்கே திருப்பிச் சொன்னேன்.

அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

பத்துப் பன்னிரண்டு வளைவு இழுத்தார் ஐயா. ஒவ்வொரு வளைவுக்கும் சீட்டை விட்டுப் பாதி எழுந்துவிடுவார். கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைக்கும். திருப்பி முடித்ததும் மூச்சு விடுகிற சத்தம் கடைசி சீட்டுக்குக் கேட்டது. "உங்க அண்ணன் நல்லா எக்சர்சைஸ் பண்றாருப்பா" என்றார் சார். நான், "ஆமாங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அடுத்த வளைவில் கீழேயிருந்து பஸ் வந்தது. இன்னும் கொஞ்சம் ஒடித்துத் திருப்ப வேண்டும். நல்ல ஸ்டீயரிங்காக இருந்தால் ஒரு விரல் வேலை. அண்ணன் முழு உடம்பையும் போட்டார். திரும்பவில்லை. வேகமே இல்லை ஐயா. சைக்கிள் வேகம். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார் நிதானமாக, ரொம்ப நிதானமாக ஓரத்துக்குப் போனது. அங்கே ஒரு அன்னாசிப் பழக் கடை. பிரேக்கில் நின்றது, கடைக்காரம்மாவைத் தடுப்புச் சுவரோடு அழுத்திவிட்டுத்தான் நின்றது.

பொன்னாயி என்று பெயர். மலைக்காரம்மா. அண்ணனைத் தெரியும். வாடகை இறங்கும்போதெல்லாம் அவரிடம்தான் பழம் வாங்குவார். அந்தம்மா கத்தவில்லை. "நாரி, நாரி, வண்டியப் பின்னால எடு" என்றுதான் சொன்னார்கள். சக்கரம் ஒடிந்து நின்ற நிலையில் அப்படியே பின்னால் எடுத்தால் அந்தம்மாவை இன்னும் நசுக்கும், ஸ்டீயரிங் திருப்ப வேண்டுமே. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கிவந்து காரைத் தூக்கித்தான் நகர்த்தினார்கள். இடுப்பு எலும்பு போய்விட்டது. உயிர் இருக்கிறது. இப்போது இரண்டு பேர் பிடித்தால் நிற்கிறார்கள்.

மேனேஜர் சார் குடும்பத்தை ஒரு வேனில் ஏற்றிவிட்டார். தானும் ஏறுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்தார். "என் பேரு எங்கயும் வர வேண்டாம் பூபதி. தப்பா எடுத்துக்காத, ஃபேமிலி இருக்கு." நான், "வராது சார்" என்றேன். வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும் இல்லையா?

ஸ்டேஷனில் எஸ்.ஐ. நல்ல மாதிரி. "நடந்ததை எழுதிக் குடுங்க" என்று பேப்பர் கொடுத்தார். அண்ணன் பேனாவைப் பிடித்துப் பார்த்தார். பிடிக்க முடியவில்லை. இரண்டு கையும் ஆடிக்கொண்டிருந்தன. பயத்தில் இல்லை ஐயா, அந்தப் பன்னிரண்டு வளைவு இழுத்த வலியில். "நீ எழுது தம்பி" என்றார்.

எழுதினேன். இரண்டு பக்கம். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அண்ணன் சொல்வதுபோலத் தன்னிலையில் எழுதினேன். மூன்று வாரங்களாக ஸ்டீயரிங் விட்டுவிட்டுச் செயலிழந்தது. மலைக்கு ஓட்ட வேண்டாம் என்று மெக்கானிக் எச்சரித்தார். ஏறும்போது மூன்று முறை எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இறங்கும்போது விளக்கு அணையவில்லை, இருந்தும் நிறுத்தாமல் தொடர்ந்து ஓட்டினேன். கோளாறு ஓட்டுநருக்குத் தெரியும். எல்லாம் நடந்தது. ஒரு வார்த்தை கூட்டவில்லை. விளக்கு எரிந்தால் ஸ்டீயரிங் எப்படிக் கனக்கும் என்று நாலு வரி எழுதியிருந்தேன். எஸ்.ஐ. படித்துவிட்டு, "நல்ல எழுத்து. டிகிரியா?" என்றார். அண்ணன்தான் பதில் சொன்னார். "பி.எஸ்சிங்க." அந்த நிலைமையிலும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு கையெழுத்துப் போட்டார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போட்டார். படித்துப் பார்க்கவில்லை.

நாலு மாதம் போனது. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அண்ணன் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அடுக்கப் போகிறார். தோள் இன்னும் முழுசாக மேலே தூக்க வராது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பொன்னாயி அம்மாவைப் பார்க்கப் போவார். அந்தம்மா முதல் தடவையே, "வண்டி சரியாயிருச்சா?" என்று கேட்டார்களாம். அண்ணன் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் போகவில்லை. போனால் என்ன பேசுவது? என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அந்த உத்தரவை அண்ணன்தான் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். போன வாரம் வரை என்னோடு நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

போன வியாழக்கிழமை இதே ஆபீசில் விசாரணை. இதோ இந்தக் கதவுக்கு உள்ளே. அதிகாரி அந்த இரண்டு பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், "ஏம்ப்பா, மூணு வாரமா ஸ்டீயரிங் கோளாறுன்னு தெரியும், மலைக்கு ஏத்தாதன்னு மெக்கானிக் சொன்னான், விளக்கு எரிஞ்சும் நிறுத்தலன்னு நீயே எழுதிக் குடுத்திருக்க. அப்புறம் நான் என்னத்தக் கேக்கறது?"

அண்ணனுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "அப்படியாங்க எழுதியிருக்குது?" என்றார். பேப்பரைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தார். அன்றைக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தாரே, அதே பார்வை. பிறகு அதிகாரியிடம், "என்ற தம்பி எழுதுனதுங்க. சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. "பதினாலு வருசம் கிளீனா இருக்கு உன் ரெக்கார்டு" என்றார். "ஓனரு கட்டாயத்துல எடுத்திருந்தா அது வேற கேஸு. ஆறு மாசம் நிறுத்தி வெச்சுட்டுத் திருப்பிக் குடுத்துருவேன், ஓனரைத்தான் கேப்பேன். நீயா எடுத்திருந்தா லைசென்ஸ் ரத்துதான். ஓனருக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஓனர் நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

அண்ணன் சொன்னார், "தம்பிக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க."

அது பொய் இல்லை ஐயா. யோசித்துப் பாருங்கள். எனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? நான் வேதியியல். அதிகாரி என் பக்கம் திரும்பி, "சரிதானாப்பா?" என்றார். நான், "எழுத்துல குடுத்துடறோங்க சார்" என்றேன். வாயால் ஏதாவது சொல்லி, அது தப்பாகப் பதிவாகிவிட்டால்? எழுத்தென்றால் நிதானமாக யோசித்து எழுதலாம். ஒரு வாரம் கொடுத்தார். அந்த ஒரு வாரம் இன்றோடு முடிகிறது.

வெளியே டீக்கடையில் அண்ணன் கேட்டார், "மூணு வாரம்னு எதுக்குத் தம்பி எழுதுன?"

"நடந்ததுதானேண்ணா."

"நடந்ததுதான்." டீயை ஒரு வாய் குடித்தார். "நடந்தது எல்லாத்தையும் எழுதியிருக்கியா?"

"தேவையானது எல்லாம் எழுதியிருக்கேண்ணா."

சிரித்தார். சத்தமில்லாமல். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இன்றைக்கு எட்டாவது நாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. சாப்பிடும்போது தட்டை என் பக்கம் நகர்த்தி வைக்கிறார், தண்ணீர் ஊற்றி வைக்கிறார், எல்லாம் செய்கிறார். பேச்சு மட்டும் இல்லை. சொல்லுங்கள், நான் எழுதியதில் எது பொய்? ஒரு வரி காட்டுங்கள்.

விளக்கக் கடிதத்தை நான்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். மூன்று நாள் மூன்று கடிதம். முதல் கடிதத்தில் சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பேசியதில் இருந்து எழுதினேன். அது நீளமாகப் போய்விட்டது. அதை எழுதினால் சாரின் பெயர் வரும். வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதோடு நான் அரசு வேலைக்குத் தேர்வு எழுதியிருக்கிறேன், போலீஸ் விசாரணை வரும், ஓனர் மேல் கேஸ் என்றால் என்ன ஆகும்? கிழித்துவிட்டேன். இரண்டாவது சுருக்கமாக எழுதினேன், ஆனால் சுருக்கும்போது எதை விடுவது என்று தெரியவில்லை. மூன்றாவதில் தேதி மட்டும்தான் இருந்தது. அண்ணன் கூப்பிட்டு, 'எழுது தம்பி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன். அவர் கேட்கவே இல்லை.

இன்று காலை அண்ணி ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "உங்கண்ணன் பண்ணைக்குப் போயிட்டாரு. இதை ஆபீசுல குடுத்துடச் சொன்னாரு. அவரே எழுதினாரு."

அவரே எழுதினார் ஐயா. குழந்தையின் நோட்டில் கிழித்த தாள். பாருங்கள், இதுதான். கையெழுத்தைத் தவிர என் அண்ணன் எழுதி ஒரு வரி நான் இதுவரை பார்த்ததில்லை. அதிலும் அந்தத் தோளை வைத்துக்கொண்டு. அழுத்தி அழுத்தி எழுதியிருக்கிறார், பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் தட்டுகிறது. கண்ணாடி இல்லை அல்லவா உங்களுக்கு, நானே படிக்கிறேன். ஐந்தே வரி.

'ஐயா. ஸ்டீரிங் கோளாறு இருப்பதை ஓனரிடம் நான் சொல்லவில்லை. மலைக்குப் போகச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. வாடகை ஆசையில் நானாகப் போனேன். நிறுத்தச் சொல்லி என் தம்பி சொன்னான், நான்தான் கேட்கவில்லை. இப்படிக்கு அர்த்தநாரி.'

நிறுத்தச் சொல்லி என் தம்பி சொன்னான்.

ஈரமான சோளம் ஒரு லோடு வந்து, காய்ந்தது என்று சீட்டு எழுதியிருந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன் ஐயா. திருப்பி அனுப்பிவிடுவேன். எத்தனை பேர் கெஞ்சியிருக்கிறார்கள். ஆனால் இது என் சீட்டு இல்லை. எழுதியது அவர், கையெழுத்து அவருடையது, நான் கொண்டுவந்து கொடுக்கிறவன்தான். அவர் எழுதியதில் நான் கை வைத்தால் அதுதானே தப்பு? பஸ்ஸில் வரும்போது நாலு தடவை படித்தேன். நாலாவது தடவை கண்ணில் எழுத்து நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண், என்னாச்சு தம்பி என்று கேட்டார்கள். தூசி என்றேன்.

அதிகாரி வந்துவிட்டார் போலிருக்கிறது. 'அர்த்தநாரி' என்று கூப்பிடுகிறார்கள். அவர் வரவில்லை, நான் வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன், ஒரு நிமிட வேலை. நீங்கள்தான் ஓனரா என்று கேட்டால் ஆமாம் என்பேன். அதில் ஒன்றும் பொய் இல்லை.